பேத்திக்கு சைவச் சாப்பாடு தர்ற தாஸ்கா தேடின கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறப்ப படிங்க. வெள்ளிக்கிழமை மடப்பள்ளியில காய் நறுக்கும்போது இளம் தாய்மாருங்க என்கிட்ட ஒரே கேள்வியத்தான் கேட்கிறாங்க. "அக்கா, உங்க பேத்திய எங்க விடுறீங்க? சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதியா சொல்லி, அதுக்குள்ள சாம்பார் கொதிச்சிடுது. அதனால முழுசா இங்கயே எழுதிடுறேன்.

முதல்ல, "நீங்களே பார்த்துக்கலாமே, எதுக்கு வெளிய விடணும்?" என்று கேட்கிறவங்களுக்கு. எனக்கு 56 வயசு. நம்ம நாட்டுல ஓய்வு வயசு 60. காலை 7 மணிக்கு ஃபேக்டரிக்குள்ள போனா ராத்திரி 7-க்குத்தான் வெளிய வர்றேன். வீட்டுக்காரர் லோரி ஓட்டினவர். இனிப்பு நீர்னால கால்ல ஒரு விரல் எடுத்தாச்சு, இப்ப வீட்டுல இருக்கார். தத்தித் தத்தி ஓடுற பிள்ளைக்குப் பின்னால அவரால ஓட முடியாது. என் சம்பளம் நின்னா மருந்து, வீட்டுக் கடன் எல்லாம் நிக்கும். மகளுக்கும் அதே நிலைமைதான். 2023-லிருந்து பிரசவ விடுமுறை 98 நாள் ஆக்கிட்டாங்க, முன்ன 60 நாள்தான். நல்ல விஷயம். ஆனா 99-ஆவது நாள் பிள்ளைய யார் கையில கொடுக்கிறது?

நான் தோட்டத்துல பிறந்தவ. எங்க அம்மா விடியக்காலையிலேயே மரம் வெட்டப் போயிடுவாங்க. எங்களையெல்லாம் தூக்கத்தோட தூக்கிட்டுப் போய் ஆயாக் கொட்டகையில போட்டுடுவாங்க. ஏணை வரிசையா கட்டியிருக்கும். அந்த ஆயாவுக்கு எந்த வீட்டுல கவுச்சி சமைக்கிறாங்க, எந்த வீட்டுல இல்ல, யார் வீட்டுல புரட்டாசி முழுக்க விரதம், எல்லாம் தெரியும். யாரும் தாள் எழுதிக் கொடுக்கல. ஒரே லயத்துல இருக்கிறவங்க, தெரியாம எப்படி இருக்கும்? இப்ப நாம தாமான்ல பக்கத்து வீட்டுக்காரர் பேரு தெரியாம இருக்கோம். பிள்ளைய மட்டும் அறியாதவங்க கையில கொடுத்துட்டு, அவங்களுக்கு நம்ம வீட்டு வழக்கம் தானா தெரியணும்னு எதிர்பார்க்கிறோம்.

எங்க வீடு என் மாமனார் காலத்திலிருந்தே சைவம். அவர் வள்ளலார் வழி. முட்டையும் இல்ல. பால், தயிர், நெய் உண்டு.

மகள் முதல்ல விட்டது பக்கத்து பிளாட்ல ஒரு தமிழ் அம்மாகிட்ட. நல்ல மனசு. சொந்தப் பேத்தி மாதிரி குளிப்பாட்டி, சாமி கும்பிட வச்சு அனுப்புவாங்க. சைவம்னு சொன்னதும், "தெரியும்மா, நானும் கார்த்திகை விரதம் இருக்கிறவதானே" என்று சொன்னாங்க. ஒரு மாசம் கழிச்சு, கஞ்சி டப்பாவக் கழுவும்போது மகளுக்கு வாடை வந்துச்சு. கேட்டா, "சத்தியமா மீன் கொடுக்கலம்மா. பிலிஸ் தூள்தான் ஒரு கரண்டி, ருசிக்கு. அது மீனா?" அவங்க ஏமாத்தல. நம்ம ஊருல நெத்திலி என்பது உப்பு மாதிரி ஆகிப்போச்சு. குழந்தைக் கஞ்சியில அது இல்லாம சத்தே இல்லன்னு நினைக்கிறாங்க. சம்பல்ல பெலாச்சான், மீ ஹூன்ல கோழி கியூப், கீரையில காய்ஞ்ச இறால், காய் பிரட்டுறதுல சிப்பி சாஸ். இதுல எதுவுமே அவங்களுக்குக் "கறி மீன்" கணக்குல வராது.

"சைவம்" என்ற ஒரே வார்த்தையச் சொல்லிட்டு வந்தா போதாதுன்னு அன்னைக்கு வீட்டுல எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. எதெது கூடாதுன்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லணும்.

மெதுவா எடுத்துச் சொன்னோம். ரெண்டு வாரம் ஒழுங்கா இருந்துச்சு. அப்புறம் அந்தம்மாவே, "எனக்கு ரெண்டு சமையல் முடியலம்மா, மூட்டு வலி" என்று சொல்லிட்டாங்க. சண்டை இல்ல. இன்னைக்கும் தீபாவளிக்கு முறுக்கு போகுது வருது.

அடுத்தது ஒரு பெரிய தாஸ்கா. பேர் சொல்லல, தேவையில்ல. ஏர்கோன், கேமரா, சுவர் முழுக்க கார்ட்டூன். மாசம் 680 வெள்ளி, முன்பணம் 500. "வெஜிடேரியன் ஓகே, நோ புரொப்ளம்" என்று சொன்னாங்க. மெனு பலகையப் பார்த்தேன். திங்கள் நாசி கோரெங்கும் நகெட்டும், செவ்வாய் கோழி சூப் மக்கரோனி, புதன் சோசேஜ், சாயங்காலம் தினமும் மைலோவும் கிரீம் பிஸ்கட்டும், வெள்ளிக்கிழமை ஜெலி. சைவம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதுல எந்தப் பிள்ளைக்குத்தான் நல்ல சாப்பாடு இருக்கு?

ஒருநாள் மகளுக்கு மத்தியானமே வேலை முடிஞ்சு, நேரா பிள்ளைய எடுக்கப் போயிருக்கா. சாப்பாட்டு நேரம். டீச்சர் மக்கரோனி சூப்புல இருந்து கோழித் துண்டு மட்டும் பொறுக்கி வெளிய வச்சுட்டு, மீதிய நம்ம பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டு இருக்காங்க. கேட்டா, "கோழிய எடுத்துட்டேனே!" பொறுப்பாளர் அம்மாகிட்ட பேசினப்ப அவங்க நேரா சொல்லிட்டாங்க: முப்பது பிள்ளைங்க இருக்கிற இடத்துல ஒரு பிள்ளைக்காகத் தனி அடுப்பு பத்த வைக்க முடியாது. அது நியாயமான பேச்சுதான், நானும் லைன் நடத்துறவ, எனக்குப் புரியும். அதை 500 வெள்ளி வாங்கிறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். பணம் திரும்பி வரல.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல பெரிய பேச்சு. மகள் ராஜினாமா கடிதத்தையே டைப் பண்ணி வச்சுட்டா. கணக்குப் பிரிவுல ஆறு வருஷம் உழைச்சு வாங்கின பதவி. அதை விட்டா மறுபடி முதல் படியில இருந்து ஏறணும். சம்பந்தி அம்மா அசைவம். அவங்க மனசுல பட்டதைச் சொன்னாங்க: "ரெண்டு வயசு ஆகாத பிள்ளைக்கு என்ன விரதம்? கோழி சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போகட்டும். எங்க பிள்ளைங்க எல்லாம் சாப்பிட்டுத்தானே வளந்துச்சு." எனக்குச் சுருக்குன்னு இருந்தாலும் பேசாம இருந்தேன். அவங்க கேட்டதும் ஒரு நியாயமான கேள்விதான். ஒருத்தி வேலையவே விடுற அளவுக்கு இது பெரிய விஷயமா?

மருமகன்தான் பதில் சொன்னார். அவர் வெளிய அசைவம் சாப்பிடுவார், வீட்டுல மட்டும் இல்ல. அதிகம் பேசவும் மாட்டார். "அம்மா, அவ பெரிசானதும் என்ன சாப்பிடணுமோ அவளே முடிவு பண்ணட்டும். நான் தடுக்க மாட்டேன். ஆனா யாருக்கோ இன்னொரு சட்டி வைக்க சோம்பலா இருக்குன்னு அந்த முடிவு இப்பவே ஆயிடக் கூடாது." அதுக்கப்புறம் சம்பந்தி அம்மா ஒண்ணும் சொல்லல. மறுநாள் அவங்களே விடுமுறை எடுத்துக்கிட்டு வந்து மூணு வாரம் பிள்ளையப் பார்த்துக்கிட்டாங்க. பருப்புச் சாதம்தான் கொடுத்தாங்க. இதையும் சொல்லியாகணும்.

அந்த மூணு வாரத்துல ஏழு இடம் பார்த்தோம். எல்லாத்தையும் எழுதினா விடிஞ்சுடும். சீனர் ஒருத்தர் நடத்துற சைவ தாஸ்கா ஒண்ணு ரொம்பப் பிடிச்சிருந்தது. வெங்காயம் பூண்டுகூட கிடையாது, நம்ம ஐயர் வீடு மாதிரி. ஆனா ஒரு வருஷத்துக்கு இடமில்ல, எங்களுக்கு அரை மணி நேரத் தூரம் வேற. தமிழர் நடத்துற ரெண்டு இடத்துல, "எல்லாரும் சாப்பிடறதுதானே, ரொம்பப் பார்த்தா முடியாது" என்று சிரிச்சாங்க. நம்ம ஆளுங்கிறதால நம்ம வழக்கம் தெரிஞ்சிருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

கடைசியில கிடைச்சது எங்க தாமான்லயே, நாலு சாலை தள்ளி, ஒரு மலாய்க்கார காக். வீட்டிலேயே நடத்துற தாஸ்கா. ஜேகேஎம் பதிவுச் சான்றிதழ கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருந்தாங்க. (நாலு வயசுக்குக் கீழ நாலு பிள்ளை, அதுக்கு மேல பார்த்தாலே பதிவு வேணும். 1984-ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டுல நடத்துறவங்க பத்துக்கும் குறைவான பிள்ளைங்களைத்தான் வைக்கலாம். சான்றிதழ் எங்கன்னு கேட்க வெட்கப்படாதீங்க.)

நாங்க பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவங்க கேட்க ஆரம்பிச்சாங்க. முட்டை உண்டா? பால் உண்டா? கியூப் போடலாமா? மாட்டிறைச்சி சமைச்ச சட்டியில சமைக்கலாமா, தனிச் சட்டி வேணுமா? கரண்டி? வெட்டுற பலகை? நான் அசந்துட்டேன். "ஏன் காக் இவ்வளவு கேட்கிறீங்க?" என்றேன். "என் பிள்ளைய உங்க வீட்டுல விட்டா நான் இதெல்லாம் கேட்பேன்தானே, ஹலாலா இல்லையான்னு? அதே மாதிரிதான்" என்று சொன்னாங்க.

சிவப்புக் கைப்பிடி வச்ச ஒரு சின்னச் சட்டி, ஒரு தட்டு, ரெண்டு கரண்டி வாங்கிக் கொடுத்தோம். அது நம்ம பிள்ளைக்கு மட்டும். மத்தியானச் சாப்பாட்டை நாங்களே தெர்மோஸ் டப்பாவுல சூடா அனுப்புறோம். மகள் காலையில நாலரைக்கு எழுந்திருக்கா. கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். பழமும் சாயங்காலத் தீனியும் அந்த காக் கொடுக்கிறாங்க: அவிச்ச சக்கரவள்ளி, வாழைப்பழம், பப்பாளி, தயிர். மாசம் 450 வெள்ளி.

கோயில்ல ஒரு பெரியவர் என்கிட்டக் கேட்டார், "மாடு சமைக்கிற வீட்டுல பிள்ளைய விடலாமாம்மா?" அவர் வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நான் பார்த்தது, என் பிள்ளையோட தட்டுல என்ன விழுதுங்கிறத. சாமி படம் மாட்டின வீட்டுல பிலிஸ் விழுந்துச்சு. இந்த வீட்டுல விழல.

பிரச்சனையே இல்லன்னும் சொல்ல முடியாது. மத்தப் பிள்ளைங்க பொரிச்ச கோழி சாப்பிடும்போது இவ கை நீட்டுறா. ஒண்ணே முக்கால் வயசுக்கு என்ன விளக்கம் சொல்றது? அந்த காக் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. புதன்கிழமை எல்லாப் பிள்ளைங்களுக்கும் பிலிஸ் போடாத பாயாம் கீரை சூப், பொரிச்ச தெம்பே, சோறு. எல்லாரும் ஒரே சாப்பாடு, ஒரே பாய். மத்த நாள்ல இவ டப்பாவ முதல்ல திறந்து ஊட்டிட்டு, அப்புறம் மத்தவங்களுக்குப் பரிமாறுறாங்க. இதுக்குன்னு தனியா பணம் கேட்கல.

இனி நான் கொஞ்சம் கோபமா எழுதப்போறேன், பொறுத்துக்குங்க.

சைவம்னாலே உடம்புக்கு நல்லதுன்னு நம்மள்ல பாதிப் பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். என் வீட்டுக்காரர் முப்பது வருஷமா ஒரு துண்டு மீன் தொட்டதில்ல. இனிப்பு நீர் வந்து விரல் போச்சு. ரோட்டி சானாய், கெட்டிப்பால் தே தாரிக், ஜிலேபி, வெள்ளைச் சோறு மலையா, எல்லாமே சைவம்தான். 2019-ல சுகாதார அமைச்சு எடுத்த கணக்குல இந்த நாட்டுப் பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர். மூணு பெரிய இனத்துல இந்தியருக்குத்தான் அதிகம். அந்த கணக்குக்குள்ள என் வீடும் இருக்கு. அதனால பேத்திக்குக் கறி கொடுக்காதீங்கன்னு சொல்ற அதே குரல்லதான் சர்க்கரையும் கொடுக்காதீங்கன்னு சொல்றேன். ரெண்டு வயசு வரைக்கும் சேர்த்த சர்க்கரையே வேண்டாம்னுதான் மருத்துவர்களும் சொல்றாங்க. கெட்டிப்பால் பிள்ளைகளுக்குப் பாலே இல்ல. ஒரு வயசுக்குள்ள தேனும் கூடாது, நாக்குல தடவறதும் கூடாது. பாட்டிமார்கள் மன்னிக்கணும்.

அரசாங்க கிளினிக் மிஸ்ஸி எங்களுக்குச் சொன்னதையும் சொல்லிடுறேன், சைவ வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது முக்கியம். பால் நல்லதுன்னு நாள் முழுக்கப் பால் புட்டியே கொடுத்தா வயிறு நிறைஞ்சு சோறு இறங்காது, இரும்புச் சத்து குறையும். ஒரு வயசுக்கு மேல ரெண்டு கிளாஸ் போதும். பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப் பயறு, கீரை, தௌஃபு, தெம்பே, இதுல ஏதாவது ஒண்ணு தினமும் இருக்கணும். கூடவே கொய்யாவோ பப்பாளியோ ஆரஞ்சோ கொடுத்தா அந்த இரும்புச் சத்து நல்லா உடம்புல சேரும். பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்கக் கூடாது, அது இரும்பைத் தடுக்கும். பி12 என்ற சத்து காய்கறியில கிடையாது. நம்ம மாதிரி முட்டை இல்லாதவங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அதுவும் வேண்டாம்னு பால் கூட விட்ட குடும்பங்க டாக்டரைக் கேட்டு மருந்தாத்தான் கொடுக்கணும். கச்சான் அரைச்சுக் கொடுக்கலாம், முழுசா கொடுக்காதீங்க, தொண்டையில சிக்கும்.

ஜெலிக்கு வர்றேன். ஹலால் முத்திரை இருந்தா சைவம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஹலால்னா பன்றி இல்ல, மது இல்ல, முறைப்படி அறுத்ததுன்னு அர்த்தம். ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுக்கிறது. கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற வைட்டமின் கம்மி, சில ஜெலி, எல்லாத்துலயும் இருக்கும். மாட்டிறைச்சி, பன்றி சார்ந்த பொருள் எது இருந்தாலும் லேபிள்ல போடணும்னு நம்ம நாட்டு உணவுச் சட்டத்துல இருக்கு. பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. இ120-ன்னு போட்டிருந்தா அது பூச்சியிலிருந்து எடுக்கிற சிவப்புச் சாயம். அகார் அகார் கடற்பாசி, அது நமக்கு ஆகும்.

இதை ஏன் இங்க எழுதுறேன்னா, போன திருவிழாவுல பிள்ளைகளுக்குக் கொடுத்த பையில நானே பார்த்தேன், மாட்டு ஜெலட்டின் போட்ட மிட்டாய். உபயகாரர் ஆசையா வாங்கினது, அவரைக் குறை சொல்லல. ஆனா முருகன் சந்நிதியில நின்னு மாட்டு எலும்ப நம்ம பிள்ளை வாயில போடுறோம். ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்சதும் ரோஸ் சிரப் தண்ணி. இதைப் பத்திப் பேசினப்ப, "கொண்டு வர்றவங்கள வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்று பொறுப்பாளர்கள் கேட்டாங்க. வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்ல. என்ன வாங்கலாம்னு முன்கூட்டியே ஒரு தாள் கொடுத்தா போதும். மோர், சுண்டல், வாழைப்பழம். சுண்டல் நம்ம பிரசாதம்தானே!

இன்னொரு பேச்சும் ஓடுது. நம்ம மண்டபம் பகல்ல சும்மாதானே கிடக்கு, கோயிலே ஒரு சைவ தாஸ்கா நடத்தினா என்ன? நானும் ஆசைப்பட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வயசுக்குள்ள மூணு பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒண்ணிலிருந்து மூணு வயசு வரைக்கும் அஞ்சு பிள்ளைக்கு ஒருத்தர், இது விதி. கைக்குழந்தை மூணு, நடக்கிற பிள்ளை பத்து என்று வச்சுக்கிட்டா மூணு பேர். சமையலுக்கு ஒருத்தர். குறைந்தபட்சச் சம்பளம் இப்ப 1,700 வெள்ளி. நாலு பேருக்கு 6,800. முதலாளி பங்கு ஈபிஎஃப் 13 விழுக்காடு, 884. மொத்தம் 7,684. பதிமூணு பிள்ளைக்குப் பிரிச்சா ஆளுக்கு 591 வெள்ளி. இதுல சாப்பாடு, கரண்டு, சொக்சோ எதுவும் சேரல. பொம்பா, நகராண்மைக் கழகம், சுகாதாரம், எல்லாரும் வந்து பார்க்கணும். மண்டபத்துல ஒரு கல்யாணம் வந்தா பிள்ளைங்க எங்க போகும்? அதனால எனக்கு இப்போதைக்கு நம்பிக்கை இல்ல. யாராவது முழுசா இறங்கி நடத்த முன்வந்தா மடப்பள்ளி வேலைக்கு நான் ரெடி. மாதச் சம்பளம் கொடுக்கக்கூடிய உபயகாரர் இருந்தா கணக்கே மாறும். அதுவரைக்கும் அன்னதானத்துக்குக் கொடுக்கிற மாதிரி, கஷ்டப்படுற ஒரு தாய்க்கு ஒரு மாசத் தாஸ்கா கட்டணம் உபயம் பண்ணலாமான்னு நிர்வாகத்துல கேட்டிருக்கேன். அடுத்த கூட்டத்துல பேசறதா சொல்லியிருக்காங்க.

பதிவான தாஸ்காவுல விடுறவங்க ரசீதைப் பத்திரமா வைங்க. வருமான வரியில 3,000 வெள்ளி வரைக்கும் விலக்கு இருக்கு, அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் எடுக்கலாம்.

நாங்க அந்த காக்குக்கு எழுதிக் கொடுத்த தாளை மலாய்ல சுத்தமா டைப் பண்ணி வச்சிருக்கேன். மேல் பாதியில கூடாதது: டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங், பிலிஸ், பெலாச்சான், தெலோர், சிப்பி சாஸ், கோழி கியூப், ஜெலட்டின். கீழ் பாதியில கொடுக்கக்கூடியது, அதுதான் நீளம். கூடாததை மட்டும் எழுதிக் கொடுத்தா அவங்க பயந்துபோய் வெறும் சோறும் கிச்சாப்பும் கொடுத்துடுவாங்க. வேணுங்கிறவங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் அர்ச்சனைச் சீட்டு கவுண்டர்ல கேளுங்க, இருபது பிரதி போட்டு வச்சிருக்கேன். சீன மொழியில யாராவது எழுதிக் கொடுக்க முடிஞ்சா சொல்லுங்க, அதையும் போட்டுடலாம்.

வெள்ளிக்கிழமை பூசணிக்காய் நிறைய வந்திருக்கு, கத்தி கொண்டு வாங்க.